குழந்தை பேசிக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன். எங்களைப் போன்றவர்களுக்கு சூப்பர்விஷன் எங்கே கிடைக்கும்?

தென்மாவட்டத்_தோழி

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், ரொம்ப நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு, குழந்தைகள் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ஒரு அலுவலகத்தில் நான்கு வருடமாக ஆற்றுப்படுத்துநராக, அதாவது கவுன்சிலராக இருக்கிறேன். ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். போக்சோ வழக்கு, குழந்தைத் திருமணம், வீட்டைவிட்டு ஓடிவந்து பேருந்து நிலையத்தில் தனியாக நின்ற பிள்ளைகள், இல்லத்தில் சாப்பிட மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும் பிள்ளைகள், எல்லாம் எங்களிடம்தான் வரும். எங்களிடம் என்றால் நானும் இன்னொரு அக்காவும். அந்த அக்கா ஜனவரியில் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை.

போன மாதம் ஒரு சிறுமியிடம் பேசப் போனேன். எட்டாம் வகுப்பு. அவள் பெரியம்மா வீட்டு உள்ளறையில் பாயில் உட்கார்ந்து பேசினோம். துப்பட்டா நுனியை ஆள்காட்டி விரலில் சுற்றுவாள், அவிழ்ப்பாள், திரும்பச் சுற்றுவாள், அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முக்கியமான இடத்துக்கு வந்தபோது நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். நாலரை பஸ் போய்விடுமோ என்று மனதில் ஓடியது. அது கூடப் பரவாயில்லை. "இதுவும் அந்த மாமா கேஸ் மாதிரிதான்" என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அவள் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்கு நேரமாச்சா?" என்று கேட்டாள். அன்று இரவு நான் தூங்கவில்லை.

வீட்டிலும் சரியில்லை. என் மகளுக்கு ஆறு வயது. எதிர்வீட்டுத் தாத்தா அவளுக்குக் கடலைமிட்டாய் கொடுத்தார். நான் ஓடிப்போய் அவள் கையிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டேன். பத்து வருடமாகத் தெரிந்த மனிதர், என் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட வந்தவர். அவர் ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார். பஸ்ஸில் ஒரு சின்னப் பெண் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தால் என் நெஞ்சு அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. ஞாயிறு சாயங்காலம் வந்தாலே வயிற்றைப் பிசைகிறது.

அலுவலகத்தில் மாதாமாதம் ஆய்வுக் கூட்டம் உண்டு. எத்தனை கேஸ், எத்தனை ஃபாலோ-அப், எத்தனை குளோஸ், படிவம் ஏன் நிலுவை. இதைத்தான் சூப்பர்விஷன் என்கிறார்கள். நான் படிக்கும்போது ஃபீல்டு ஒர்க் மேடம் வாரம் ஒரு மணி நேரம் உட்காரவைத்து, நான் பார்த்த கேஸைப் பற்றியும் அது எனக்குள் என்ன செய்தது என்பதைப் பற்றியும் பேசுவார், அதற்கும் அதே பெயர்தான்.

என் கேள்வி மூன்று. இது பர்ன்அவுட்டா, அதாவது வேலையழுத்தத்தில் மனசு தீர்ந்துபோவதா, இல்லை நான் இந்த வேலைக்கே லாயக்கில்லாதவளா? வேலையில் இருந்துகொண்டே வெளியில் யாரிடமாவது முறையாக சூப்பர்விஷன் எடுக்க முடியுமா, அப்படி எடுத்தால் குழந்தைகளின் விவரம் வெளியே போனதாக ஆகாதா? மூன்றாவது, வேலையை விட்டுவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள், வீட்டுக் கடன் இருக்கிறது.

வைகைக்கரை

தங்கச்சி, முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லாயக்கில்லாதவர்கள் கடிகாரத்தைப் பார்த்ததற்காக ராத்திரி முழுக்க விழித்திருக்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக மனநல சமூகப் பணியில் இருக்கிறேன், அந்த உறுதியில் சொல்கிறேன்.

உனக்கு இரண்டு விஷயம் ஒன்றாகச் சேர்ந்து நடக்கிறது என்று தோன்றுகிறது. எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன், நேரில் பேசினால்தான் சரியாகத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்தது, "இதுவும் அதே மாதிரிதான்" என்ற குரல், இதெல்லாம் பர்ன்அவுட் பக்கம். ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974இல் இந்தச் சொல்லை வைத்து எழுதினாரே, அவர் பார்த்தது நியூயார்க்கில் இலவச மருத்துவ மையத்தில் போதைப் பழக்கத்தில் இருந்தவர்களுக்காக ராப்பகலாக உழைத்த ஆட்களைத்தான், அவர்களில் அவரும் ஒருவர். ஆக, நம்மைப் போன்றவர்களைப் பார்த்துத்தான் அந்தப் பெயரே வந்தது. பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: மனசு வற்றிப்போவது, எதிரில் இருப்பவர் ஆளாகத் தெரியாமல் கேஸாகத் தெரிவது, நான் செய்வதால் ஒரு பிரயோசனமும் இல்லை என்ற நினைப்பு. இரண்டாவதைக் கவனி. அது ஈவிரக்கம் இல்லாமல் போனதால் வருவது இல்லை. இனிமேல் தாங்காது என்று மனசு தானாகவே கதவைச் சாத்துவது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் தன் நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்தபோது, இது நோய் என்று சொல்லவில்லை, சமாளிக்கப்படாத வேலையழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் சொன்னது. வேலையிடத்தில் பிறக்கிற ஒன்று, அதை நீ மட்டும் தனியாக உன் மனசுக்குள் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கடலைமிட்டாய் விஷயம் வேறு. அடுத்தவர் பட்ட அதிர்ச்சியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டு, உலகத்தை நாம் பார்க்கிற விதமே மாறிவிடுவது அது. யாரை நம்பலாம், எந்த இடம் பாதுகாப்பு என்ற கணக்கெல்லாம் உள்ளே குலைந்துபோகும். வேலை குறைவாக இருந்தால்கூட இது வரும். பத்து நாள் லீவு போட்டால் முதலாவது கொஞ்சம் தணியும், இது தணியாது. இதற்குப் பேசித்தான் ஆக வேண்டும்.

சூப்பர்விஷன் பற்றி. கடூஷின் என்பவர் எழுதியதை எம்.எஸ்.டபிள்யூவில் படித்திருப்பாய்: நிர்வாகம், கற்பித்தல், தாங்கிப்பிடித்தல் என்று அதற்கு மூன்று கால்கள். நம் அலுவலகங்களில் முதல் கால் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. ஆய்வுக் கூட்டத்தில் உன்னைக் கேட்கிற கேள்வி எல்லாம் ஃபைலைப் பற்றியது, உன்னைப் பற்றி ஒன்று கூட இல்லை பார்.

உண்மையான சூப்பர்விஷன் எப்படி இருக்கும் என்று ஒன்று சொல்கிறேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் எம்.ஃபில் படித்துவிட்டு வந்த புதிதில் ஒரு குடிநோய் வார்டில் வேலை பார்த்தேன். நான் ஐந்து மாதம் பார்த்த ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். என் சூப்பர்வைசர், வயதான அம்மா, என் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கடைசி சந்திப்பை வரி வரியாக என்னோடு சேர்ந்து படித்தார். எங்கே தவறு என்று தேடுவார் என நினைத்து எனக்குக் கை நடுங்கியது. அவர் கேட்டது, "அவர் அறையைவிட்டுப் போன பிறகு நீ என்ன செய்தாய்?" கை கழுவினேன் என்றேன். "ஒவ்வொரு ஆள் போன பிறகும் கழுவுவாயா?" இல்லை, அவர் வந்துபோனால் மட்டும்தான். "எத்தனை வாரமாக?" அப்போதுதான் எனக்கே உறைத்தது, அந்த மனிதரின் அவநம்பிக்கை ஒட்டிக்கொள்ளுமோ என்று ஒன்றரை மாதமாகப் பயந்திருக்கிறேன். அதற்கப்புறம் ஒரு முக்கால் மணி நேரம் அழுதேன். அதன்பின் அவர், இதே நிலையில் அடுத்த ஆள் வந்தால் அபாய அறிகுறிகளை எப்படி நேராகக் கேட்பது என்று சொல்லிக்கொடுத்தார். தாங்கிப்பிடித்தலும் கற்பித்தலும் ஒரே உட்காரலில் நடந்தது. அன்று அது கிடைத்திராவிட்டால் இன்று நான் இந்த வேலையில் இல்லை.

ஆள் கிடைப்பது பற்றியும் ரகசியம் பற்றியும் இரவு எழுதுகிறேன், இப்போது ஓ.பி. ஆரம்பிக்கிறது.

முன்னாள்_களப்பணியாளன்

சகோதரி, நான் வேலையை விட்டவன். வைகைக்கரை அக்கா சொன்னது எல்லாம் சரி, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர் பார்க்கிறீர்கள். அதற்கு எந்த சூப்பர்விஷனும் மருந்தாகாது.

நான் இருந்த இடத்தில் எங்களுக்கு மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி என்று ஒருநாள் நடத்தினார்கள். மூச்சுப்பயிற்சி, பலூன் ஊதும் விளையாட்டு, மதியம் பிரியாணி. அதே நாளில் மூன்று கேஸ் வந்து காத்திருந்தது, பயிற்சி முடிந்ததும் இரவு ஒன்பது மணி வரை அதைத்தான் பார்த்தோம். அதிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. ஆள் குறைவு, பயணப்படி வருவதில்லை, வருடாவருடம் ஒப்பந்தம் நீட்டிப்பார்களா என்ற பயம், இதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு உன் மனசை நீ பார்த்துக்கொள் என்று சொன்னால் பாரம் மறுபடியும் நம் தலையில்தான் வந்து உட்காருகிறது.

அதனால் தயவுசெய்து எழுத்தில் கேளுங்கள். காலிப் பணியிடம் எப்போதிலிருந்து காலி, அதன்பின் உங்களிடம் வந்த வழக்குகள் எத்தனை, ஒரு குழந்தையை முதல் சந்திப்புக்குப் பிறகு மறுபடி பார்க்க எத்தனை நாள் ஆகிறது. உங்கள் களைப்பைப் பற்றி எழுதினால் தனிப்பட்ட பிரச்சினை என்பார்கள், குழந்தைக்கு ஆகும் தாமதத்தைப் பற்றி எழுதினால் யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒரு நகலில் பெற்றதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நம் வேலைக்கு ஒரு தொழில் அங்கீகாரமே ரொம்ப நாள் இல்லாமல் இருந்தது. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் மருத்துவ, மனநல சமூகப் பணியாளர்களும் கவுன்சிலர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள். பதிவு வேண்டும், தகுதி வேண்டும் என்று பேசுகிறவர்களிடம், பதிவு பெற்றவருக்கு மாதம் இத்தனை மணி நேரம் சூப்பர்விஷன் தர வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டிய நேரம் இது. நாம் கேட்காவிட்டால் யாரும் சேர்க்கப்போவதில்லை.

நான் விட்ட பிறகும் நாலு மாதம் கனவில் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்த அளவுக்குப் போகும் முன் கேட்டிருக்கிறீர்கள். அது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

மட்டுநகர்_வாசி

வணக்கம் தங்கச்சி. நான் மட்டக்களப்பு. எங்கள் பக்கம் உங்கள் வேலையை உளவளத்துணை என்று சொல்வோம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு உளசமூகப் பணியாளராகச் சேர்ந்தவள், அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது.

சுனாமிக்குப் பின் வேலைக்கு எடுக்கப்பட்ட எங்களில் பாதிப்பேர் சொந்தத்தில் ஆட்களை இழந்தவர்கள். கரையோர முகாமில் ஒரு தாயோடு இருந்து கதைத்துவிட்டு, பின்னேரம் எங்கள் வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே சாவீடு. எது அவவுடைய துக்கம், எது என்னுடைய துக்கம் என்று பிரிக்கத் தெரியாமல் போன நாட்கள் உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு மேற்பார்வை வேண்டும் என்று சொன்னபோது, உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அந்தச் சொல்லே பயம். மேற்பார்வை என்றால் மேலே நின்று பார்ப்பது, பிழை பிடிப்பது. அதனால் நாங்கள் அதைப் பகிர்வு என்று மட்டும் சொன்னோம். பெயரை மாற்றிய பிறகுதான் ஆட்கள் வாய் திறந்தார்கள்.

நாங்கள் செய்த முறையைச் சொல்கிறேன், காசு தேவையில்லை, ஆறு பேர் போதும். இரண்டு கிழமைக்கு ஒரு தரம், ஒன்றரை மணித்தியாலம். ஒவ்வொரு தடவையும் ஒருவர் ஒரு கதையை மட்டும் கொண்டுவர வேண்டும். பேப்பர் பார்க்காமல், பதினைந்து நிமிடம், மனதில் எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்ல வேண்டும். யாரும் குறுக்கே கதைக்கக்கூடாது. பிறகு விளங்காததை மட்டும் கேட்கலாம். அதன்பிறகு, இதுதான் முக்கியமான இடம், கதை சொன்னவர் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். மற்றவர்கள் அவரைப் பார்க்காமல் தங்களுக்குள் கதைப்பார்கள்: அந்தப் பிள்ளை இந்த நேரத்தில் என்ன நினைத்திருக்கும், கேட்டுக்கொண்டிருந்தவருக்கு எங்கே வலித்திருக்கும், எனக்குக் கேட்கும்போது வயிறு ஏன் இறுகியது. நீ இப்படிச் செய்திருக்கலாம் என்று புத்தி சொல்ல ஒருவருக்கும் அனுமதி இல்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் அவர் திரும்ப முன்னுக்கு வந்து, கேட்டதில் எது தன்னைத் தொட்டது என்று சொல்வார். அவ்வளவுதான். 1950களில் லண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்பவர் குடும்ப வைத்தியர்களை வட்டமாக இருத்தி இப்படித்தான் தொடங்கினாராம் என்று எங்களுக்குப் பழக்கியவர் சொல்வார்.

புத்தி சொல்லாமல் இருப்பதுதான் ஆகக் கஷ்டம். நாங்கள் எல்லாரும் புத்தி சொல்லிப் பழகிய சனம். முதல் மூன்று கூட்டத்தில் எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஒரு சின்ன மணியை வைத்திருந்து, யாராவது "நீங்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்றால்" என்று தொடங்கினால் மெல்லத் தட்டுவா.

2009க்குப் பிறகு வன்னியில் இருந்து வந்த சனங்களோடு வேலை செய்த காலத்தில் அந்த வட்டம் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியாது. பிறகு திட்டக் காசு முடிந்தபோது முதலில் நிறுத்தியது இதைத்தான். வாகனத்துக்குக் காசு இருந்தது, அறிக்கை அச்சடிக்கக் காசு இருந்தது. நாங்கள் ஒருவரின் வீட்டு மாமரத்தடியில் தொடர்ந்து நடத்தினோம். அதனால்தான் சொல்கிறேன், நிறுவனம் தரும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம், தரச் சொல்லிக் கேட்பதையும் விட வேண்டாம்.

வைகைக்கரை

மட்டக்களப்புத் தங்கை எழுதியதை இரண்டு தரம் படித்தேன். அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. என் பங்குக்கு மிச்சத்தைச் சொல்கிறேன்.

ரகசியம். நீ கேட்டது சரியான கேள்வி, இதைக் கேட்காமல் வாட்ஸ்அப் குரூப்பில் கேஸ் போடுகிறவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வரும். போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இரண்டும் குழந்தையை அடையாளம் காட்டுகிற எதையும் ஊடகத்திலோ பொதுவெளியிலோ வெளியிடக் கூடாது என்கின்றன: பெயர், முகவரி, பள்ளி, குடும்பம், ஊர்ப்பக்கம் வரைக்கும். சூப்பர்விஷன் பொதுவெளி இல்லைதான், ஆனாலும் அதே கண்டிப்போடு நடந்துகொள். பெயர், ஊர், பள்ளி, சாதி, காவல் நிலையம், தேதி ஒன்றும் வேண்டாம். "பதின்வயதுப் பெண், சொந்தத்தில் ஒருவர்" என்றால் போதும். சொல்லப்போனால் சூப்பர்வைசருக்கு அந்த விவரம் தேவையே இல்லை, அங்கே நாம் பார்க்கப்போவது உனக்குள் நடந்ததை. துப்பட்டா நுனி போதும், ஊர் வேண்டாம். பத்திரிகையில் வந்த வழக்கு என்றால் அதைக் கொண்டுவராதே, எவ்வளவு மறைத்தாலும் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் எழுத்தாக ஒன்றும் அனுப்பாதே. வெளியாளிடம் சூப்பர்விஷன் எடுக்கிறேன், விவரம் எதுவும் பகிர மாட்டேன் என்று மேலதிகாரியிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடு, பின்னால் பேச்சு வராது.

ஆள். உனக்கு மேலதிகாரியாக இருப்பவர் உனக்கு இந்த மாதிரி சூப்பர்வைசராக இருக்கக் கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற கையெழுத்து அவருடையது, அவரிடம் போய் நான் கடிகாரத்தைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வாய்? நீ படித்த கல்லூரியில் அந்த ஃபீல்டு ஒர்க் மேடம் இன்னும் இருந்தால் முதலில் அவரைக் கூப்பிடு, பழைய மாணவி கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இல்லையென்றால் குழந்தைகளோடு அதிர்ச்சி சம்பந்தமாக நேரடியாக வேலை பார்த்த அனுபவசாலி யாராவது. பேசுகிற முதல் நாளே மூன்றைக் கேள்: நீங்கள் இப்போது யாரிடமாவது சூப்பர்விஷன் எடுக்கிறீர்களா, குறிப்பு எழுதி வைப்பீர்களா, நான் சொல்வதில் எதை நீங்கள் மூன்றாவது ஆளிடம் சொல்ல வேண்டி வரும். முதல் கேள்விக்கு முகம் சுளிக்கிறவர் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதை அக்காவாகச் சொல்கிறேன். சூப்பர்விஷன் சிகிச்சை ஆகாது. தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருக்கிறது, மகளிடம் இருக்கும்போதும் படம் படமாக வந்து போகிறது, இல்லாமல் போய்விடலாம் என்று ஒருமுறையாவது தோன்றியது, இதில் ஏதாவது இருந்தால் மனநல மருத்துவரைப் பார். மாவட்ட மனநலத் திட்டத்தில் உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். தெரிந்த இடத்துக்குப் போகக் கூச்சமாக இருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. எத்தனையோ பேருக்கு நீயே அந்த நம்பரை எழுதிக் கொடுத்திருப்பாய்.

கோவை_தெரபிஸ்ட்

நான் தனியாக ஆன்லைனில் கவுன்சலிங் செய்கிறேன், அரசு வேலை இல்லை, ஆனால் படிக்கும்போது என்னையே பார்த்தது போல் இருந்தது. ஒருநாளில் ஏழு செஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது கணவர் ஏதாவது சொன்னால் "ம்ம், அது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று வரும், ஆனால் அவர் சொன்னது ஒன்றும் காதில் விழுந்திருக்காது.

பிரிட்டனில் பி.ஏ.சி.பி. என்ற கவுன்சிலர் சங்கம், அங்கீகாரம் பெற்றவர்கள் மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் சூப்பர்விஷன் எடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் சரி. புதியவர்களுக்கு மட்டும்தான் இது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக நானும் அதே கணக்கில் எடுக்கிறேன். மாதம் 1,500 ரூபாய் கொடுக்கிறேன், முதலில் கணக்குப் பார்த்தபோது மனசு வரவில்லை. இப்போது ஒருநாளில் நான்கு செஷன்தான், இரண்டுக்கு நடுவில் அரைமணி நேரம் பால்கனியில் நிற்பேன். வருமானம் குறைந்தது உண்மை. எல்லோராலும் இது முடியாது என்பதும் தெரியும், அதனால் இதைத் தீர்வாகச் சொல்லவில்லை. மட்டுநகர் அக்கா சொன்ன மாதிரி வட்டம் யாராவது ஆரம்பித்தால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தென்மாவட்டத்_தோழி

ஆறு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, அன்று பதில்களைப் படித்துவிட்டு பஸ்ஸிலேயே அழுதேன்.

ஃபீல்டு ஒர்க் மேடத்தைக் கூப்பிட்டேன். ஓய்வு பெற்றுவிட்டார். "ஏன் இவ்வளவு நாள் கூப்பிடவில்லை" என்றுதான் முதலில் கேட்டார். மாதம் இரண்டு முறை போனில் பேசுகிறோம். மருத்துவரையும் பார்த்தேன், தூக்கத்துக்குச் சின்னதாக ஒரு மாத்திரை, நாலு வாரம். எதிர்வீட்டுத் தாத்தாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன், என்ன வேலை பார்க்கிறேன் என்பதையும் மேலோட்டமாகச் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்தார், வேறு ஒன்றும் பேசவில்லை.

காலிப் பணியிடம் பற்றி எழுத்தில் கொடுத்துவிட்டேன் அண்ணா, தேதியோடு கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பதில் இன்னும் இல்லை.

பக்கத்து மாவட்டங்களில் இதே வேலை பார்க்கும் நால்வரும் நானும் சேர்ந்து இரண்டாவது சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் உட்கார்ந்தோம். முதல் ஆளாக நான்தான் சொன்னேன். கதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் சொன்னார், "அந்தப் பிள்ளை நேரமாச்சா என்று கேட்டது கோபத்தில் இல்லை என்று தோன்றுகிறது, இந்த அக்காவுக்குப் பஸ் போய்விடுமே என்ற கவலையில் கேட்டிருக்கிறது." எனக்கு அது ஒருநாளும் தோன்றவே இல்லை. அந்த வாரமே அவளைப் போய்ப் பார்த்தேன். அன்று என் கவனம் கொஞ்சம் விலகிவிட்டது, அது உன்னால் இல்லை என்று சொன்னேன். "தெரியும்கா, உங்க கண்ணெல்லாம் கருப்பா இருந்துச்சு" என்றாள். விட்ட இடத்திலிருந்து அவளே ஆரம்பித்தாள்.

மட்டுநகர் அக்காவிடம் ஒரு சந்தேகம். கூட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு தோழி அழ ஆரம்பித்துவிட்டார், நாங்கள் பதறிப்போய் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தோம், இரண்டு பேர் கடைசிப் பஸ்ஸை விட்டுவிட்டார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?

மட்டுநகர்_வாசி

அழட்டும் தங்கச்சி. உடனே தண்ணீரை நீட்டாதீர்கள், நிறுத்து என்று சொன்னது போல் ஆகிவிடும். ஆனால் நேரத்தையும் நீட்டாதீர்கள், முடியும் நேரம் முடிந்துவிடும் என்று தெரிந்தால்தான் ஆட்கள் துணிந்து தொடங்குவார்கள். கூட்டத்தை முடித்துவிட்டு ஒருவர் மட்டும் அவவோடு பஸ் வரும் மட்டும் நில்லுங்கள், கதைக்கத் தேவையில்லை. அடுத்த நாள் காலையில் ஒரு கோல் எடுங்கள், சாப்பிட்டியா என்று கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் இடம் அவவுக்கு, விருப்பம் என்றால் மட்டும். பஸ் நேரம் எல்லாருக்கும் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.